முதற்பிரதி பெறுபவர்

"உள்பக்கம் எல்லாம் அடிச்சு, மடிச்சு, அடுக்கி வெச்சிரிக்கேன் டீச்சர். உள்ள வந்து பாருங்க. பொய்யா சொல்றேன்?"

"பொய்யின்னு யாரு சொன்னா ஷிராஸ்? அட்டை எங்க?"

"அட்டை கொழும்புல. லெமினேட் பண்ணி, கட்டி வெச்சிட்டு, சல்லியப் போட்டாத்தான் பஸ்ஸுல ஏத்துவேன்னு நிக்கிறான். முந்தி மாதிரியா? காயிதம் விலை ஏறின நாள்லேந்து எவனும் கடனுக்கு ஒரு தாள் தாறதில்ல."

செசிலி அச்சகத்து வாசலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தாள். பதுளை பஸ் நிலையத்திலிருந்து இந்த ஏற்றம் வரைக்கும் நடந்ததில் முழங்கால் இரண்டும் தனித்தனியாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தன. கூட வந்த கனகரத்தினம் உட்காரவில்லை. மாவட்டச் செயலகமான கச்சேரியில் முப்பத்தைந்து வருடம் கதிரையை விட்டு எழும்பாமல் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் எதையும் நின்றுகொண்டே பேசுவதென்று தீர்மானித்தவர் போல இருப்பார்.

"ஞாயிற்றுக்கிழமை வெளியீடு தம்பி," என்றார் அவர். "இண்டைக்கு வியாழன். அழைப்பிதழ் எல்லாருக்கும் போயிட்டுது."

"அப்ப சல்லியக் கொண்டு வாங்கோ சேர். நாளைக்கே அட்டை இங்க நிக்கும்."

"சல்லி ஞாயிற்றுக்கிழமைதான் வரும்."

"வெளியீடு வச்சாத்தான் காசு வரும் ஷிராஸ்," என்றாள் செசிலி. "காசு வந்தாத்தான் அட்டை வரும். அட்டை வந்தாத்தான் புத்தகம். புத்தகம் இருந்தாத்தான் வெளியீடு."

ஷிராஸ் சிரித்துவிட்டார். "இத நீங்க ஒரு கதையா எழுதலாமே டீச்சர்."

"எழுதுனா அத அடிக்கவும் காசு வேணுமே."

'குறுக்குப்பாதை' என்பது இதழின் பெயர். சிறுகதைகளுக்கு மட்டுமான இதழ். 'கவிதை அனுப்ப வேண்டாம்' என்று உள்ளட்டையில் தடித்த எழுத்தில் போட்டும் ஒவ்வொரு தபாலிலும் நாலு கவிதை வரும். தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற செசிலியும் கனகரத்தினமும் பன்னிரண்டு வருடத்துக்கு முன் தொடங்கியது. காலாண்டிதழ் என்று போட்டிருந்தாலும் ஆண்டுக்கு இரண்டு வந்தால் பெரிய காரியம். இப்போது இருபத்திநாலாவது இதழ். அடிப்பது முந்நூறு. புத்தகக் கடைக்குப் பத்துக் கொடுத்தால் ஆறு மாதம் கழித்து ஒன்பது திரும்பி வரும்; பத்தாவதை எலி கடித்திருக்கும். சந்தா கட்டியவர்கள் தபால் செலவு கூடியதும் ஒவ்வொருவராகக் கழன்றுபோனார்கள். கதை எழுதியவர்களுக்கு இலவசப் பிரதி. எழுதாதவர்கள், அடுத்ததில் எழுதப் போகிறவர்கள் என்பதால் அவர்களுக்கும் இலவசம்.

ஆக, வெளியீட்டு விழா ஒன்றுதான் வழி. முதற்பிரதியை ஒரு பெரிய வர்த்தகர் மேடையேறிப் பெற்றுக்கொள்வார். பிறகு சிறப்புப் பிரதிக்கென்று நாற்பதுக்கு மேற்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அவர்கள் வந்து, ஒரு கடித உறையைக் கொடுத்து, பொன்னிறக் கடதாசியில் சுற்றி நாடா கட்டிய பிரதியை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். இதழின் விலை நானூறு ரூபாய்தான். ஆனால் உறைக்குள் வெறும் நானூறை வைத்து மேடையேற யாருக்கும் மனம் வராது. அந்த மனம்தான் இத்தனை வருடம் இதழை நடத்தியது.

"அட்டையில்லாம பத்துப் பிரதி தச்சுத் தரட்டா?" என்று கேட்டார் ஷிராஸ்.

"விசர்க் கதை கதையாதேயும். முதற்பிரதிக்கு ஸப்வான் ஹாஜியாரை மேடைக்குக் கூப்பிட்டு, உரிச்ச கோழி மாதிரி ஒண்டைக் கையில குடுக்கிறதோ?" என்றார் கனகரத்தினம்.

"அப்ப தேதிய மாத்துவோம் சேர்," என்றாள் செசிலி.

"மாத்தினால் மண்டபம் அடுத்த மாசம்தான் கிடைக்கும், அதுக்குள்ள ஹாஜியார் மக்காவுக்குப் போயிடுவார். அவர் இல்லாட்டி மற்ற ஆக்களும் ஒரு சாட்டுச் சொல்லுவினம். பிறகு இருபத்திநாலாவது இதழே இல்லை. இருபத்திநாலு இல்லாட்டில்..."

செசிலிக்கு அந்த மீதி தெரியும். பதினோரு கதை உள்ளே இருக்கிறது. அதில் ஒன்று மடுல்சீமைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் துஷாந்தினியின் முதல் கதை. வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசி எடுக்கும் அந்தப் பெண். "டீச்சர், அச்சுக்குப் போயிருச்சா? என் பேரு சரியா போட்டாங்களா? எங்க லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்." ஒவ்வொரு இதழ் முடிந்ததும், இதோடு போதும் என்று செசிலி நினைப்பாள். அப்படி நினைத்து முடிப்பதற்குள் இப்படி ஒரு குரல் வந்துவிடும்.

இறக்கத்தில் நடக்கும்போது கனகரத்தினம் திடீரென்று நின்றார்.

"டீச்சர், பதினேழாவது இதழ் எத்தினை மிச்சம் கிடக்குது?"

"கட்டிலுக்குக் கீழ நூத்துச் சொச்சம். ஏன்?"

பதினேழாவது வந்த வாரத்தில்தான் ஊரெல்லாம் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். விழா இல்லை. பிறகு தபால் ஓடத் தொடங்கியதும் சந்தாக்காரருக்கும் புரவலர் சிலருக்கும் அனுப்பினார்கள். மற்றதெல்லாம் கட்டிலுக்குக் கீழேதான்.

"அதே அளவு. அதே தடிப்பு," என்றார் கனகரத்தினம். "சுத்தினால் ஒண்டுதான்."

"என்னா சேர் சொல்றீங்க?"

"நான் ஒண்டும் சொல்லேல்ல. பொன் கடதாசி வாங்குவம் எண்டு சொல்லுறன்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் செசிலியின் சாப்பாட்டு மேசையில் வைத்து இருவரும் பொதிகளைச் சுற்றினார்கள். அவள் உட்கார்ந்து மடித்தாள், அவர் நின்றபடியே நாடாவை வெட்டினார்.

"இது பொய்யில்லையா சேர்?"

"பொய் இல்லை. பிந்திக் குடுக்கிறம். ஞாயிறு காசு வரும், செவ்வாய் அட்டை வரும், வெள்ளி நாங்களே வீடு வீடாய்ப் போய்ப் புதுசைக் குடுத்திடுவம். ஒருத்தருக்கும் நட்டமில்லை."

"அதுக்குள்ள பிரிச்சுப் பாத்துட்டா?"

"ஆர் பிரிக்கிறது? பன்னிரண்டு வருசமா நான் மைக்கில நிக்கிறன். ஒருத்தர் நாடாவில கை வைச்சதைக் கண்டனீங்களோ?"

"மேடையில பிரிக்க மாட்டாங்க. வீட்டுல பிரிப்பாங்கல்ல."

"பிரிச்சால் திங்கக்கிழமை நாற்பது ரெலிபோன் கோல் வரும். 'ஐயோ மாறிப்போச்சுது, இந்தா கொண்டு வாறம்' எண்டு சொல்லுவம். நீங்கள் கதைக்க வேண்டாம், நான் கதைக்கிறன். கச்சேரியில இதைத்தானே செய்தனான்."

செசிலி சுவரில் தொங்கிய அந்தோனியார் படத்தைப் பார்க்காமல் சுற்றினாள். நாற்பத்திமூன்று பொதி.

ஞாயிறு விழா எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது. மாதா கோவில் மண்டபத்தில் ஐம்பத்தாறு பேர். மேடைக்குப் பின்னால் புதிய அட்டையைப் பெரிதாக அடித்த பதாகை தொங்கியது. அதைப் பார்த்தவர்களுக்கு இதழையே பார்த்த மாதிரி. அச்சுப்படித் தாள்களை வைத்து நயவுரை சொல்ல வந்தவர் முக்கால் மணித்தியாலம் தன்னுடைய கதைகளைப் பற்றியே நயந்து பேசினார். பிறகு கனகரத்தினம் மைக்கைப் பிடித்தார். அந்த நேரத்தில் அவருக்கு இருபது வயது குறைந்துவிடும்.

"முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ள, மலையகத்தின் மண்வாசனையை நெஞ்சிலே சுமக்கும் கொடை வள்ளல், வெலிமடை மரக்கறி வர்த்தகர், ஸப்வான் ஹாஜியார் அவர்களை..."

ஸப்வான் ஹாஜியார் சால்வையைச் சரிசெய்துகொண்டு வந்தார். உறையைக் கொடுத்தார். பொதியை நெஞ்சுயரத்தில் பிடித்துப் படத்துக்கு நின்றார். "இன்னொண்டு எடுங்க தம்பி, கண்ண மூடிட்டேன்" என்று படமெடுத்தவரிடம் சொல்லி மறுபடி நின்றார். இறங்கும்போது செசிலியிடம், "மனுசிக்குக் காலுல ஒரு புண்ணு டீச்சர், சீனி வருத்தம். அதால வரல்ல. ஒங்கட சொகம் கேட்டா," என்றார்.

"நானும் விசாரிச்சேன்னு சொல்லுங்க ஹாஜியார்."

பொதி அவர் கக்கத்தில் இருந்தது. செசிலி அதைப் பார்க்காமலிருக்க அவருடைய தொப்பியைப் பார்த்தாள்.

திங்கள் காலை ஐந்து மணிக்கே அவள் கைபேசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு அழைப்பு வந்தது. துஷாந்தினி.

"டீச்சர், விழா எப்படி இருந்துச்சு? என் கதைய யாராச்சும் பேசுனாங்களா?"

"பேசுனாங்க. வெள்ளிக்கிழம உனக்குப் புத்தகம் அனுப்புறேன்."

"ரெண்டு அனுப்புங்க டீச்சர். ஒண்ணு காசுக்கே."

செவ்வாயும் அழைப்பில்லை. புதனும் இல்லை. ஷிராஸுக்குக் காசு போனது, கொழும்பிலிருந்து அட்டை வந்தது, வெள்ளிக்கிழமை இருபத்திநாலாவது இதழ் புது மையின் வாசத்தோடு கையில் இருந்தது. துஷாந்தினிக்கு இரண்டைத் தபாலில் போட்டுவிட்டு, பெரிய பையொன்றில் மற்றவற்றைத் தூக்கிக்கொண்டு இருவரும் புறப்பட்டார்கள்.

முதலில் ஜொனியின் இரும்புக்கடை.

"என்னா டீச்சர், திரும்பவும் புத்தகமா? இந்த ஞாயித்துக்கிழமதான வாங்குனேன்!"

"அது... அன்னைக்கு குடுத்ததுல ஒரு மாறாட்டம் ஜொனி. அதக் குடுங்க, இத வச்சிக்குங்க."

"என்னா மாறாட்டம்? அது நல்லாத்தான இருக்கு." ஜொனி காசு மேசைக்குப் பின்னால் கையைக் காட்டினார். சுவரில் தொங்கிய திருக்குடும்பப் படத்துக்குக் கீழே, பொன் கடதாசியும் நாடாவும் கொஞ்சமும் கலையாமல், பொதி நிமிர்ந்து நின்றது. "கடைக்கு வாறவங்க எல்லாம் கேக்குறாங்க, என்னா பரிசு கெடச்சிச்சின்னு. அதுக்குப் பக்கத்துல அந்தப் போட்டோவையும் ப்ரேம் போட்டு வைக்கப் போறேன். போட்டோ எப்ப தருவீங்க?"

"உள்ள பாக்கலியா?"

"உள்ள பாக்க நேரம் எங்க டீச்சர்? அதுவும் அவ்வளவு அழகா கட்டியிருக்கீங்க. அவுத்தா கெட்டுப் போயிரும்ல?"

அடுத்தது டிலானியின் மருந்துக்கடை. டிலானி பொதியைத் தேடித் தேடி, கடைசியில் கார் பின்னிருக்கையில் இருப்பதாக நினைவு வந்து சிரித்தாள். "நீங்க குடுத்ததுன்னா நல்லாத்தான் டீச்சர் இருக்கும். வாசிச்சுட்டுச் சொல்றேன்." ஒரு சட்டத்தரணி வீட்டில் பொதி காட்சி அலமாரியில், போன விழாவின் பொதிக்கும் அதற்கு முந்திய விழாவின் பொதிக்கும் பக்கத்தில் இருந்தது. மூன்றும் பொன்னிறம். சட்டத்தரணியின் அம்மா, "இதுகள வருசத்துக்கு ஒருக்கா தூசு தட்டுறேன்," என்று பெருமையாகச் சொன்னாள்.

கனகரத்தினம் முதல் ஐந்து இடத்தில் சந்தோசமாக இருந்தார். ஒவ்வொரு வாசலிலும் இறங்கும்போது, "நான் சொன்னனான்தானே!" என்றார். பத்தாவது இடத்தில் சொல்லவில்லை. பதினாறாவது இடத்தில், பஸ் தரிப்பிடத்துச் சீமெந்துக் கட்டின் மேல், பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தானாகவே உட்கார்ந்தார்.

"எத்தினை பேர் பிரிச்சிருக்கினம்?"

"இதுவரைக்கும் யாருமில்ல."

"ஒருத்தர் கூடவோ?"

"நீங்கதான சேர் சொன்னீங்க, ஆர் பிரிக்கிறதுன்னு."

"நான் மேடையைச் சொன்னனான்," என்றார் கனகரத்தினம்.

ஒரு கிழமையில் நாற்பத்திரண்டு வாசலும் முடிந்தது. பிடிபடவில்லை. யாரும் ஏமாறவுமில்லை, ஏனென்றால் ஏமாறுவதற்கு ஒருவராவது பிரித்திருக்க வேண்டும். செசிலிக்குக் கோபம் வரவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பிறகும் நெற்றியில் கயிறு அழுத்துவது போல இருக்குமாமே, துஷாந்தினி அந்தக் கதையில் எழுதியிருக்கிறாள்; அது மாதிரி ஒரு கனம் மட்டும் இருந்தது.

மிச்சமிருந்தது வெலிமடை. கனகரத்தினம் வரவில்லை. "எனக்கு இடுப்பில நாரிப்பிடிப்பு," என்றார். "நீங்கள் குடுத்திட்டு வாங்கோ. ஹாஜியாருக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. மனுசன் பிரிச்சிருக்க மாட்டார்."

ஸப்வான் ஹாஜியாரின் மரக்கறிக் களஞ்சியத்தில் லொறி நின்றது. லீக்ஸ் கட்டுகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு கைபேசியில் இரண்டு சந்தை விலையைக் கேட்டபடி செசிலிக்குக் கண்ணால் வணக்கம் சொன்னார்.

"புத்தகமா டீச்சர்? அதெல்லாம் மேல, மனுசிட்ட. அவதான் எடுத்து வெக்கிறது. போங்க, தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க."

களஞ்சியத்துக்கு மேல் மாடியில் வீடு. அவர் மனைவி றுமைஸா ஒரு காலைச் சிறு ஆசனத்தில் நீட்டி, கட்டுப்போட்ட பாதத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது.

"வாங்க டீச்சர். வருவீங்கன்னு தெரியும். பிந்திட்டீங்க."

பக்கத்து மேசையில் பொன்னிறக் கடதாசி நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் நாடா சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் பதினேழாவது இதழ். அதற்கும் பக்கத்தில் இன்னொரு பதினேழாவது இதழ், ஓரம் மடங்கி, அட்டை வெளுத்து.

"ரெண்டும் ஒண்டுதானே?" என்றாள் றுமைஸா. "இது கொரோனா நேரம் நீங்க தபால்ல அனுப்பினது."

சொல்ல வேண்டிய வசனம் செசிலியின் நாக்கில் தயாராக இருந்தது. நாற்பத்திரண்டு வாசலில் பழகிய வசனம். மாறிப்போச்சுங்க, மன்னிச்சிருங்க. அவள் கதிரையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாறிப் போகலங்க. தெரிஞ்சேதான் செஞ்சோம். புதுசு அன்னைக்கு வரல. காசு கட்ட முடியல."

"எல்லாருக்குமே பழசா?"

"எல்லாருக்கும்."

"மத்தாக்கள் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. யாரும் பிரிக்கல."

றுமைஸா சிரிப்பாள் என்று செசிலி எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, செசிலியை நன்றாகப் பார்த்தாள்.

"அப்ப நான் ஒருத்திதானா? எனக்கே ஒரு மாதிரியா இரிக்கி டீச்சர் அதக் கேக்க. ஞாயித்துக்கெழம பகல் சோறும் உண்ணாம பிரிச்சேன் தெரியுமா? அவர் வெளிய போனா நான் கேக்கிற ஒரே சாமான் இதுதான். பிரிச்சுப் பாத்தா, வாசிச்ச கதை. எவ்வளவு கோவம் வந்திச்சு!"

"போன் பண்ணி ஏசியிருக்கலாமே."

"ஒங்கட வாயால கேக்கணும்னு இருந்தேன்." பிறகு கையை நீட்டினாள். "புதுசத் தாங்க முதல்ல."

செசிலி கொடுத்தாள். சுற்றாத பிரதி. றுமைஸா பொருளடக்கத்தை விரலால் ஓட்டிப் பார்த்து, மூடி, மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருபத்திரெண்டாவது இதழ்ல ஒரு கதை வந்திச்சே, கட்டாருக்குப் போன பொம்புள திரும்பி வந்து அப்புத்தளை ஸ்டேஷன்ல நின்டுட்டே முடியிற கதை. அவ ஏன் வீட்டுக்குப் போகல்ல?"

"போகலாமா வேணாமான்னு அவளுக்கே தெரியலங்க. அதான் கதை."

"அது எப்படிக் கதையாகும்? ஆறு வருசம் அடுத்தவன்ட வீட்டுல கழுவினவ. பெட்டியத் தூக்கிட்டு நேரப் போயி, கதவத் தட்டி, 'என்ட சல்லி எங்க'ன்னு கேட்டிருக்கணும். நான் ரெண்டு நாள் யோசிச்சேன். சமைக்கக்குள்ளயும் அதே யோசனை. பருப்பு அடி புடிச்சிட்டு."

"கேட்டிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்குமே."

"முடியட்டுமே! முடியத்தானே கதை எழுதுற? ஸ்டேஷன்ல நிப்பாட்டி வெச்சிட்டு நீங்க போயிட்டீங்க. நான்தான் அவளோட நின்டுட்டு இரிக்கேன்."

"அத எழுதுனவருகிட்ட நானும் அதத்தான் கேட்டேன்," என்றாள் செசிலி. "அவரு சொன்னாரு, மூணு விதமா முடிச்சுப் பாத்தேன், மூணும் பொய்யா இருந்துச்சின்னு."

"மூனையும் போட்டிருக்கலாமே, நாங்க ஒண்ட எடுத்திருப்போம்."

தேத்தண்ணி ஆடை படிந்து ஆறியது. அந்தக் கதையிலிருந்து வேறொரு கதைக்கு, அதிலிருந்து கனகரத்தினம் எழுதும் ஆசிரியர் தலையங்கத்துக்கு ("அத நான் வாசிக்கிறதில்ல டீச்சர், மன்னிச்சிருங்க, நித்திர வரும்") என்று ஒரு மணித்தியாலம் போனது. பன்னிரண்டு வருடத்தில் இதழைப் பற்றி இத்தனை நேரம் யாரும் செசிலியோடு சண்டை பிடித்ததில்லை. எழுதுகிறவர்கள் பேசுவார்கள்தான், தங்கள் கதை வந்த பக்கத்தைப் பற்றி. இவளுக்கு எழுதும் எண்ணமே இல்லை. கேட்டதற்கு, "எனக்கென்ன பைத்தியமா?" என்றாள்.

செசிலி எழும்பும்போது றுமைஸா அவள் கையைப் பிடித்தாள்.

"அவர்ட்ட நான் சொல்லல்ல. அவர் கேக்கவுமில்ல. ஆனா டீச்சர், நீங்க சொல்லணும். சாமான் குடுக்காம சல்லி எடுத்தா, கீழ கடையில அதுக்குக் களவுன்னுதான் பேர்."

"சொல்றேங்க."

படி இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. லொறி போய்விட்டிருந்தது. ஸப்வான் ஹாஜியார் கணக்குக் கொப்பியை மூடிவிட்டு, "குடிச்சீங்களா? எங்கட ஆள் ஒங்கள விட்டாளா?" என்று சிரித்தார்.

"ஹாஜியார், அன்னைக்கு மேடையில நீங்க வாங்குனது புது இதழ் இல்ல. நாலு வருசத்துக்கு முந்துனது. எங்க கையில புதுசு இல்ல. தெரிஞ்சுதான் சுத்திக் குடுத்தோம். உங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்."

அவர் சிரிப்பை உடனே எடுக்கவில்லை. மெல்ல மெல்லத்தான் அது போனது.

"அப்ப போட்டோவுல நான் புடிச்சிட்டு நின்டது?"

"பழசு."

"போட்டோவுல தெரியாதே?"

"தெரியாது."

"யாராச்சும் கண்டு புடிச்சாங்களா?"

"உங்க வீட்டுல மட்டும்தான்."

அவர் மாடியைப் பார்த்தார். பிறகு செசிலிக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"டீச்சர், கோவிக்காதீங்க. நான் யாவாரி. யாவாரி மாதிரி ஒண்டு கேக்கிறேன். வாற ஆளுகளுக்கு வேண்டியது மேடை. மைக்குல பேர். ஒரு போட்டோ. அதுக்குத்தான் கவர் தாறாங்க, நானும் அப்படித்தான். புத்தகத்த யாரும் கேக்கவே இல்ல. அப்ப ஏன் அத அடிச்சு அடிச்சு அழிஞ்சு போறீங்க? காயிதம் விலை, அட்டை விலை, தபால் விலை. விழாவ மட்டும் வைங்க. ஒரு வெறும் பெட்டியச் சுத்திக் குடுங்க. நான் வாறேன். இப்ப தாறத விடக் கூடத் தாறேன். ஒங்கட சேரும் நல்லாப் பேசுறாரு, கேக்க ஆசையா இரிக்கி."

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் செசிலிக்குக் கஷ்டமாக இருந்தது. நஷ்டத்தில் ஓடும் கடைக்கு நல்ல மனதோடு யோசனை சொல்கிறார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

"வேணாங்க ஹாஜியார்."

"ஏன் வேணாம்?"

"மேல உங்க வீட்டுல பிரிச்சா உள்ள ஒண்ணும் இருக்காதே."

"அவளுக்கு நான் கொழும்புல வேற புத்தகம் வாங்கிக் குடுக்கிறேன்."

"வாங்கிக் குடுங்க. நல்லதுதான்," என்றாள் செசிலி. உண்மையாகவே அது நல்லதென்றுதான் பட்டது. "ஆனா இனி விழா வைக்கல ஹாஜியார். உங்க பேரையும் கூப்பிட மாட்டோம். அன்னைக்கு குடுத்தத எப்படியாவது திருப்பிக் குடுத்துர்றேன், கொஞ்சம் கொஞ்சமா."

"சும்மா இருங்க டீச்சர். அத விடுங்க." அவருக்கு முகம் வாடிவிட்டது. ஏமாற்றியதற்கு வாடாத முகம், இனிக் கூப்பிட மாட்டோம் என்றதற்கு வாடியது.

பதுளை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. அட்டம்பிட்டிய தாண்டும்போது கனகரத்தினத்தின் அழைப்பு வந்தது.

"குடுத்தாச்சோ? பிரிச்சிருந்தவரோ?"

"அவரு இல்ல. அவரு வீட்டுக்காரி பிரிச்சிருந்தாங்க. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன் சேர்."

"எல்லாத்தையும் எண்டால்?"

"எல்லாத்தையும்."

"மனுசன் ஏசினவரோ?"

"இல்ல. கூடத் தாறேன்னாரு. புத்தகம் அடிக்க வேணாம், வெறும் பெட்டியச் சுத்திக் குடுங்கன்னாரு."

"கூடத் தாறன் எண்டவரோ? பிறகு?"

"வேணாம்னுட்டேன். இனி விழாவே இல்லன்னும் சொல்லிட்டேன்."

"விசரோ டீச்சர் உங்களுக்கு!" பக்கத்து ஆசனத்துப் பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினார். "அவர் பெட்டிக்குக் காசு தந்தால், அதை வாங்கி நாங்கள் புத்தகம் அடிப்பம். அவருக்கு என்ன நட்டம், எங்களுக்கு என்ன நட்டம்? இருபத்தஞ்சு, இருபத்தாறு, ரெண்டு வருசம் கஷ்டமில்லாமல் ஓடும்!"

"ஓடும் சேர். நீங்க சொல்றது சரிதான். ஆனா எனக்கு ஏலாது. நாப்பத்திரண்டு வாசல் ஏறி இறங்கிட்டேன். அலமாரிக்கு இனி சுத்திக் குடுக்க முடியாது. கை வலிக்குது, காலும் வலிக்குது. வாசிக்கிறவங்களுக்கு மட்டும் குடுப்போம்."

"வாசிக்கிறவை எத்தினை பேர்?"

"இப்போதைக்கு ஒருத்தர்."

"ஒருத்தருக்கு ஷிராஸ் அச்சடிப்பானோ?"

"மாட்டாரு. அதான் மத்தவங்கள தேடணும். கையில இருக்கிற பிரதியில எல்லாம் ஒரு துண்டுக் கடதாசி வைப்போம். வாசிச்சீங்கன்னா ஒரு வரி எழுதிப் போடுங்க, அடுத்தது உங்களுக்கு மட்டும்தான் வரும்னு."

"துண்டைக் காணுறதுக்கும் பிரிக்க வேணுமே!"

செசிலி சிரித்துவிட்டாள். மறுபக்கத்தில் அவர் சிரிக்கவில்லை. வேறு குரலில் சொன்னார்.

"அப்ப எனக்கு மைக் இல்லை."

"இல்ல சேர்."

"ம்."

வளைவில் சமிக்ஞை அறுந்துபோனது. அவள் திருப்பி எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன சொல்வது? பன்னிரண்டு வருடம் நாற்பது பேரைப் பெயர் சொல்லி, பட்டம் சொல்லி அழைத்த மனிதர். அவரை யாரும் மேடைக்கு அழைத்ததில்லை. அதை அவள் இதுவரை யோசித்ததில்லை. முழங்காலில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். இருபத்தைந்தாவது இதழ் வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் நாற்பது பிரதிதான், அதுவும் போட்டோகொப்பியில். துஷாந்தினிக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஹாலிஎலையில் கைபேசி மறுபடி அடித்தது.

"அந்தத் துண்டில என்ன எழுதிறது?" என்றார் கனகரத்தினம், வணக்கம் ஏதும் இல்லாமல்.

"நாளைக்குப் பாப்போம் சேர். எனக்குத் தூக்கம் வருது."

"நாளைக்கு மறந்திடுவன். இப்பவே சொல்லுங்கோ. தாள் எடுத்து வைச்சிருக்கிறன்."

"'இந்த இதழ வாசிச்சிருந்தீங்கன்னா...'"

"பொறுங்கோ, பொறுங்கோ. பேனை எழுதுதில்லை."

மறுமுனையில் மேசை லாச்சியைத் திறந்து கிளறும் சத்தம் கேட்டது. பஸ் பதுளைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. செசிலி கைபேசியைக் காதில் வைத்தபடி பொறுத்திருந்தாள்.